முதல் பீர் சொதப்பிடுச்சா? கொட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

என் முதல் பேட்ச்சை நாலாவது நாள் பாத்ரூம்ல கொட்டிட்டேன். 23 லிட்டர். ஏர்லாக்ல (கேஸை வெளில விட்டு காத்தை உள்ள விடாத தண்ணி அடைப்பு) குமிழி நின்னு போச்சு, வாளி ஓரத்துல பழுப்பா ஏதோ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, மூடியத் திறந்து குனிஞ்சு மோந்தா மூக்குல சுருக்குனு குத்துச்சு, சரி கெட்டுப்போச்சுன்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன். ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது, அந்த மூணுமே ஒழுங்கா புளிச்ச பீர்ல வர்றதுதான், மூக்குல குத்தினது வெறும் கார்பன் டை ஆக்ஸைடு. ஒரு ஹைட்ரோமீட்டர் (பீர்ல சர்க்கரை எவ்வளவு மிச்சம்னு காட்டற மிதவை) போட்டுப் பாத்திருந்தா கொட்டியிருக்க மாட்டேன். அது வாங்கி டப்பாவுல பத்திரமா இருந்துச்சு, அதான் கடுப்பு.

நான் சிங்கப்பூர்ல ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல இருந்து எழுதறேன், அதனால இங்க இருக்கிற சூட்ட வச்சுதான் எல்லாத்தையும் சொல்லுவேன். இங்க 18 வயசு ஆனவங்க சொந்தமா குடிக்க ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டர் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம புளிக்க வச்சுக்கலாம், விக்கக்கூடாது, காய்ச்சி வடிக்கிற வேலை அறவே கூடாது. தமிழ்நாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்கு, அங்க 1937 மதுவிலக்குச் சட்டப்படி வீட்டுல இதைப் போடறது குத்தம், அதனால படிச்சு ரசிச்சிட்டு விட்டுடுங்க.

எல்லாரும் ஆரம்பிக்கிற மாதிரி டின் கிட்ல ஆரம்பிச்சிருப்பீங்கன்னு வச்சுக்கறேன், அதாவது ஹாப்ஸ் (கசப்புக்குப் போடற பூ) சேத்த மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டின பார்லிப் பாகு) 1.7 கிலோ டின், ஒரு கிலோ சர்க்கரை, மூடியோட ஒட்டின சின்ன ஈஸ்ட் பாக்கெட், ஒரு பிளாஸ்டிக் வாளி. கீழ எந்த அறிகுறியைப் பாத்தாலும் முதல் வேலை ரெண்டு: வாளிக்கு எத்தனை டிகிரி, ஹைட்ரோமீட்டர் என்ன சொல்லுது. வெறும் தண்ணி 1.000னா, கிட் பீர் சுமார் 1.040ல ஆரம்பிச்சு 1.010 பக்கம் வந்து நிக்கும். ஆரம்ப நம்பர்ல இருந்து கடைசி நம்பரைக் கழிச்சு 131.25ஆல பெருக்கினா ஆல்கஹால் சதவீதம், 1.042ல ஆரம்பிச்சு 1.010ல நின்னா 4.2. ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளந்து வச்சது, நம்ம வீட்டு 29, 30 டிகிரியில 0.002 கம்மியா காட்டும், அத கூட்டிக்கோங்க. அளந்து பாத்த பீரை வாளிக்குள்ள திருப்பி ஊத்தாதீங்க, குடிச்சுப் பாருங்க, கேஸ் இல்லாத வெதுவெதுப்பான பீர் நல்லாவே இருக்காது ஆனா நிறைய விஷயம் சொல்லும்.

“ஒரு நாள் ஆச்சு, ஒண்ணுமே நடக்கல”

முதல்ல மூடி. பிளாஸ்டிக் வாளி மூடி பாதி நேரம் ஒழுங்கா உக்காராது, கேஸ் ஓரமா கசிஞ்சு போய்டும், ஏர்லாக் செத்த மாதிரி இருக்கும், உள்ள பாத்தா நுரை கட்டி ஜோரா வேலை நடக்கும். டார்ச் அடிச்சு வாளிக்கு வெளில இருந்து பாருங்க, நுரை தெரிஞ்சா போய் தூங்குங்க.

நுரையும் இல்ல, நம்பரும் அசையலன்னா ஈஸ்ட் மேல சந்தேகப்படணும். கொதிதண்ணில மால்ட்டைக் கரைச்சு மேல குழாய்த் தண்ணி ஊத்திட்டு சூடு பாக்காம ஈஸ்ட்டைத் தூவினீங்களா? 40 டிகிரிக்கு மேல இருந்தா பாதி அங்கேயே செத்திருக்கும். இல்ல, அந்த பாக்கெட் எத்தனை மாசம் கண்டெய்னர்லயும் கடை ஷெல்ஃப்லயும் வெந்துச்சோ, அதுவும் யாருக்கும் தெரியாது. 48 மணி நேரம் வரைக்கும் பொறுங்க, அதுக்கப்புறமும் அசையலன்னா 11.5 கிராம் நல்ல ஏல் ஈஸ்ட் (லேகர் மாதிரி ரொம்பக் குளிர் கேக்காத பீர் ஈஸ்ட்) பாக்கெட் ஒண்ணு வாங்கி வெதுவெதுப்பான தண்ணில ஊறவச்சு ஊத்துங்க. பீரைக் கொட்ட வேண்டியதில்ல. எனக்கு இப்பல்லாம் டின்னோட வர்ற ஈஸ்ட் மேல நம்பிக்கையே இல்ல, அத ஓரமா வச்சிட்டு தனியா ஃப்ரிட்ஜ்ல வச்சு விக்கிற பாக்கெட்தான் வாங்கறேன்.

“ரெண்டு நாள் பயங்கரமா பொங்குச்சு, டக்குனு நின்னுடுச்சு”

நான் கொட்டினது இந்த கேஸ்தான். குளிர் நாட்டுக்காரங்க எழுதின குறிப்புல ஒரு வாரம், பத்து நாள் குமிழி வரும்னு இருக்கும், இங்க 30 டிகிரியில ஈஸ்ட் வெறி பிடிச்ச மாதிரி ரெண்டு நாள்ல சர்க்கரைய முடிச்சிடும். நம்பர் பாருங்க. 1.012க்கு கீழ இருந்தா வேலை பெரும்பாலும் முடிஞ்சது, ஆனா உடனே பாட்டிலுக்குப் போகாதீங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு திரும்ப அளங்க, ரெண்டும் ஒரே நம்பர்னாதான் முடிஞ்சதுன்னு அர்த்தம். சர்க்கரை முடிஞ்சாலும் ஈஸ்ட் தான் போட்ட குப்பையத் தானே கூட்டிப் பெருக்க இன்னும் சில நாள் எடுத்துக்கும், அதனால மொத்தம் ரெண்டு வாரம் வாளியிலயே விடறதுதான் என் வழக்கம்.

“1.020லயே நிக்குது, இறங்க மாட்டேங்குது”

எக்ஸ்ட்ராக்ட் பீர்ல இது ரொம்ப சகஜம், மால்ட் பாகுலயே ஈஸ்ட்டுக்கு ஜீரணம் ஆகாத சர்க்கரை கொஞ்சம் இருக்கும். ஆனா இங்க நான் பாத்த இன்னொரு காரணம் வேற, சூட்டுக்குப் பயந்து ஐஸை அள்ளி வச்சு 14, 15 டிகிரிக்கு இறக்கிடறோம், ஏல் ஈஸ்ட் தூங்கிப் போய் அடியில படிஞ்சிடும். ஐஸை எடுத்துடுங்க, வாளியை மெதுவா சுழட்டி அடில இருக்கிறதக் கலக்கி விடுங்க (தெறிக்க விடாதீங்க, காத்து உள்ள போகக்கூடாது), மூணு நாள் 24, 25ல விட்டுட்டு அளங்க. அப்பவும் இறங்கலன்னா புது ஈஸ்ட். அதுக்கும் அசையலன்னா அதுதான் அதோட கடைசி நம்பர், கொஞ்சம் தித்திப்பா இருக்கும், அவ்வளவுதான்.

“நுரை பொங்கி ஏர்லாக் வழியா வந்து தரையெல்லாம் ஆயிடுச்சு”

எங்கம்மா ஊர்ல இருந்து வந்திருந்தப்ப இது நடந்துச்சு. காலைல ஸ்டோர் ரூமத் திறந்தா சுவர் வரைக்கும் பழுப்பு நுரை, அம்மா ஒரு நிமிஷம் பாத்துட்டு, “மாவு பொங்கும்னு தெரிஞ்சா பெரிய குண்டான்ல வைக்கணும்டா, இதுகூடவா தெரியாது”ன்னுட்டு துடைக்கத் துணி எடுக்கப் போய்ட்டாங்க. அதேதான் விஷயம், மேல நாலஞ்சு லிட்டர் இடம் விடணும். வந்துட்டா பயப்படாதீங்க, ஏர்லாக்கைக் கழட்டி கழுவிட்டு, அந்த ஓட்டைல தடிமனான ட்யூப் ஒண்ணை செருகி மறுமுனையை சானிடைசர் தண்ணி இருக்கிற பாட்டில்ல முக்கி வைங்க, ரெண்டு நாள்ல அடங்கினப்புறம் பழையபடி ஏர்லாக் போடலாம். அடைச்சுக்கிட்டு அப்படியே விட்டா மூடி தெறிக்கும், சீலிங்ல ஹாப்ஸ் கறை போறதே இல்ல.

“மேல ஏதோ படர்ந்திருக்கு, பூஞ்சையா?”

பழுப்பு, பச்சை கலந்த அழுக்கு ஓரத்துல வளையமா ஒட்டிக்கிட்டு இருந்தா அது நுரை காஞ்சது, ஹாப்ஸ் பிசினும் ஈஸ்ட்டும். க்ரீம் மாதிரி தீவு தீவா மிதந்தா ஈஸ்ட் திட்டு. இதெல்லாம் விட்டுடுங்க.

கெட்டதோட முகம் வேற. ஊறுகாய் ஜாடில, பழைய கஞ்சில மேல வெள்ளையா ஏடு கட்டுமே, வறண்ட சுருக்கம் விழுந்த தோல் மாதிரி, சிலந்தி வலை மாதிரி, நடுவுல பெரிய உடையாத குமிழியோட, அப்படி இருந்தா காட்டு ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ குடியேறிடுச்சு. ரோமம் ரோமமா பச்சையா கறுப்பா இருந்தா பூஞ்சை, அத மட்டும் யோசிக்காம கொட்டலாம். ஏடு கட்டினத மோந்து பாருங்க, காடி (வினிகர்) வாசனை வந்தா பெரும்பாலும் பழ ஈ உள்ள போயிருக்கு, அது கூட்டிட்டு வர்ற பாக்டீரியா காத்து இருந்தா ஆல்கஹாலைக் காடியா மாத்திடும், அதுக்கு வைத்தியம் இல்ல.

அடுத்த தடவைக்கு: கழுவறது வேற, கிருமி போக்கறது வேற. பாத்திரம் கழுவற சோப்புல கழுவிட்டு அதோட விட்டதுதான் முக்காவாசி பேர் பண்ற தப்பு. கீறல் விழுந்த பழைய வாளியும் குழாய் வச்ச வாளியோட குழாய்க்குள்ள இருக்கிற பிசுக்கும் கிருமிக்கு சொர்க்கம், குழாயக் கழட்டிக் கழுவுங்க. ஸ்டார் சான் மாதிரி அலச வேண்டாத ஆசிட் சானிடைசர்னா லிட்டருக்கு ஒண்ணரை மில்லி, ரெண்டு நிமிஷம் நனைச்சு வச்சிட்டு அப்படியே உபயோகிக்கலாம், நுரையப் பாத்து பயந்து குழாய்த் தண்ணில அலசினா பண்ணின வேலை வீண்.

“வாசனை சரியில்ல, ருசி சரியில்ல”

இங்கதான் உக்காந்து பேசணும், ஏன்னா இந்த ஊர்ல முதல் பேட்ச் கெடுறது கிருமியால இல்ல, சூட்டால.

வாழைப்பழ வாசம், அதுக்கு மேல நெயில் பாலிஷ் வாசம், குடிச்சா தொண்டைல சூடு. இது எல்லாம் ஒரே குடும்பம். ஏல் ஈஸ்ட்டுக்கு 18ல இருந்து 22 டிகிரி பிடிக்கும். வீடு 30னா வாளிக்குள்ள 30 இல்ல, புளிக்கும்போது ஈஸ்ட்டே சூடு கிளப்பும், மூணு நாலு டிகிரி ஏறிடும், ஆக உள்ள 33, 34. அந்த சூட்டுல வர்ற வாசனை வச்சா போகுமான்னு கேப்பாங்க, வாழைப்பழம் கொஞ்சம் மங்கும், நெயில் பாலிஷ் போகாது. ஜெர்மன் கோதுமை பீர்ல வாழைப்பழமும் கிராம்பும் வேணும்னே வர வைப்பாங்க, அதனால சும்மா வாழைப்பழம்தான்னா “கோதுமை பீர் ஸ்டைல்”னு சொல்லி நண்பர்களுக்குக் குடுத்துடுங்க.

சரி எப்படி குளிர வைக்கறது? வெளிநாட்டு ஆளுங்க ஈரத்துண்டு சுத்தி ஃபேன் போடச் சொல்லுவாங்க, இங்க காத்துல இருக்கிற ஈரத்துக்கு அது ஒண்ணு ரெண்டு டிகிரிக்கு மேல இறக்காது. நான் பண்றது, தேக்கா மார்க்கெட் மீன் கடையில பெரிய தெர்மோகோல் பெட்டி ஒண்ணு கேட்டு வாங்கி (மூணு தடவை கழுவினேன், நாலாவது தடவையும் மீன் வாசம் லேசா இருந்துச்சு, பீருக்கு வரல), அதுக்குள்ள வாளி, சுத்தி தண்ணி, ஒண்ணரை லிட்டர் பெட் பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீஸர்ல கல்லாக்கி காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு மாத்தறது. ரெண்டு வாரமும் மாத்த வேண்டாம். கெட்ட வாசனை உருவாகுறது ஈஸ்ட் பெருகுற முதல் மூணு நாள்ல, அந்த மூணு நாள் 20 பக்கம் பிடிச்சிட்டா அப்புறம் தானா ஏற விடலாம், ஏறறது நல்லதும் கூட.

ஆரம்பமே சூடா இருந்தா ஐஸ் பாட்டில் தோத்துடும். இங்க குழாய்த் தண்ணியே 28, 29 டிகிரியில வருது, அத ஊத்தி எப்படி ஆறும்? முதல் நாளே 10 லிட்டர் தண்ணி காய்ச்சி ஃப்ரிட்ஜ்ல வைங்க, கூட காய்ச்சின தண்ணிலயே செஞ்ச ஐஸ் ரெண்டு கிலோ, டின்னைக் கரைச்ச மூணு லிட்டர் கொதிதண்ணி மேல அதெல்லாம் ஊத்தி மிச்சத்துக்கு குழாய்த் தண்ணி ஊத்தினா சுமார் 20க்கு வந்துடும். ஃப்ரிட்ஜ்ல இடம் கேட்டு வீட்டுல சண்டை வரும், அதுக்கு என்கிட்ட வழி இல்ல.

இதெல்லாம் முடியாதுன்னா ஈஸ்ட்டை மாத்துங்க. நார்வே கிராமத்துப் பண்ணை வீடுகள்ல, நம்ம வீட்டுல தயிருக்கு உறை எடுத்து வைக்கிற மாதிரி, ஒரு பீர்ல இருந்து அடுத்த பீருக்குக் காய வச்சு எடுத்து வச்ச ஈஸ்ட் ஒண்ணு இருக்கு, க்வைக்னு பேரு. அதுல வோஸ் வகை 35, 40 டிகிரியிலயும் சுத்தமா புளிக்கும், லேசா ஆரஞ்சு வாசம் வரும், மூணு நாலு நாள்ல முடிச்சிடும். பாக்கெட்லயே கிடைக்குது. முதல் தடவை போடறவங்களுக்கு நான் இப்ப இததான் சொல்றேன், ஐஸ் தூக்கற வேலையே மிச்சம். லேகர்னு போட்டிருக்கிற கிட்டை மட்டும் இப்போதைக்கு எடுக்காதீங்க, நிஜ லேகர் ஈஸ்ட்டுக்கு 10, 12 டிகிரி வேணும்.

பிளாஸ்திரி, டிஞ்சர், ஆஸ்பத்திரி வராண்டா வாசனை: தண்ணி. இங்க குழாய்த் தண்ணில க்ளோரமைன் இருக்கு, அது மால்ட்லயும் ஈஸ்ட்லயும் வர்ற சில பொருளோட சேந்து இந்த வாசனையக் கிளப்பும், துளியூண்டு இருந்தாலே நாக்குக்குத் தெரியும். ராத்திரி முழுக்க திறந்து வச்சா க்ளோரின் போகும், க்ளோரமைன் லேசுல போகாது, கொதிக்க வச்சாலும் அப்படித்தான். கேம்ப்டன் மாத்திரைல (பீர், ஒயின் போடறவங்க வச்சிருக்கிற சல்ஃபைட் மாத்திரை) கால் துண்டு பொடிச்சு 23 லிட்டர் தண்ணில கலக்கினா சில நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. இந்த வாசனை வந்த பேட்ச் தேறாது. ப்ளீச்ல வாளி கழுவி சரியா அலசாம விட்டாலும் இதேதான் வரும்.

அழுகின முட்டை வாசம் வந்தா மூடிட்டு விட்டுடுங்க, ஈஸ்ட் விடற கந்தக வாசம், ஒரு வாரத்துல கேஸோட சேந்து போய்டும். பச்சை ஆப்பிள்னா பீர் இன்னும் பிஞ்சு, அவசரப்பட்டு எடுத்திருக்கீங்க, விடுங்க. வெண்ணெய், தியேட்டர் பாப்கார்ன் வாசம்னாலும் அதே கதை, குளிர வச்சிருந்தா ஐஸை எடுத்துட்டு மூணு நாள் கொஞ்சம் சூடா விட்டா ஈஸ்ட்டே தின்னு தீர்த்துடும். ஆனா வெண்ணெயோட புளிப்பும் சேந்து வந்தா கிருமி.

மழைல நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி ருசின்னா காத்து பட்டிருக்கு. புளிச்ச பீரை பாட்டிலுக்கு மாத்தும்போது டீ ஆத்தற மாதிரி மேல இருந்து ஊத்தினீங்கன்னா இதுதான் வரும். ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடி எவ்வளவு வேணா ஆத்துங்க, அப்போ காத்து வேணும், அதுக்கப்புறம் ட்யூப் பாட்டில் அடியத் தொடணும், சலசலப்பு கேக்கக்கூடாது. பச்சை பாட்டில் பீர்ல சில சமயம் ஒரு நாத்தம் வருமே, அது வெயில் பட்டதால, ஹாப்ஸோட கசப்புப் பொருள் வெளிச்சத்துல உடைஞ்சு வர்றது, சில நிமிஷ வெயிலே போதும். பழுப்பு பாட்டில், இருட்டு இடம்.

“பாட்டில் போட்டு ஒரு வாரம் ஆச்சு, கேஸே இல்ல”

பாட்டில் அடைக்கும்போது கேஸ் வர வைக்க சர்க்கரை எவ்வளவு போட்டீங்க? லிட்டருக்கு 6, 7 கிராம், 330 மில்லி பாட்டிலுக்கு 2 கிராம் சொச்சம். போட்டிருந்தா இன்னும் ஒரு வாரம் வெளில வைங்க, ஃப்ரிட்ஜ்ல வச்சா ஈஸ்ட் தூங்கிடும், கேஸ் வராது. ஒரு பாட்டில்ல கேஸ் இருக்கு இன்னொண்ணுல இல்லன்னா சர்க்கரைத் தண்ணி ஒழுங்கா கலக்கல, இல்ல மூடி சரியா நசுக்கல. நான் எப்பவும் ஒரு பாட்டில் அளவு மட்டும் பிளாஸ்டிக் பெட் பாட்டில்ல போடுவேன், அமுக்கிப் பாத்தாலே தெரிஞ்சிடும், கல்லு மாதிரி ஆனா தயார்.

“கலங்கலா இருக்கு, அடில வண்டல்”

வீட்டு பீர்னா அப்படித்தான். ஒரு வாரம் ஃப்ரிட்ஜ்ல நிக்க வச்சிட்டு அசைக்காம ஊத்துங்க, கடைசி ஒரு சென்டிமீட்டரை பாட்டில்லயே விடுங்க. நுரை நிக்கலன்னா பீரைத் திட்டறதுக்கு முன்னாடி க்ளாஸைப் பாருங்க, சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தா எந்த பீர்லயும் நுரை நிக்காது.

“திறந்தா பீச்சி அடிக்குது” / “ராத்திரி ஒரு பாட்டில் வெடிச்சிடுச்சு”

இதுல மட்டும் விளையாடாதீங்க. புளிச்சு முடியறதுக்கு முன்னாடி அடைச்சதுதான் பெரும்பாலும் காரணம். நம்பர் 0.001 இறங்கினா அரை வால்யூம் கேஸ், அதாவது ஒரு லிட்டர் பீருக்கு அரை லிட்டர் கேஸ் வரும். கடைசியா 1.010க்குப் போக வேண்டிய பீரை குமிழி நின்னுடுச்சுன்னு 1.016ல அடைச்சா, நீங்க போட்ட சர்க்கரை போக தனியா மூணு வால்யூம் சேரும். சாதாரண பீர்ல மொத்தமே ரெண்டரை சொச்சம்தான் இருக்கும், பாட்டில் எங்க தாங்கும்? மத்தபடி சர்க்கரைய ஒவ்வொரு பாட்டிலுக்கும் கண்ணு மட்டத்துக்கு ஸ்பூன்ல போட்டது, இல்ல கிருமி உள்ள போய் ஈஸ்ட் விட்டு வச்ச சர்க்கரையத் திங்கறது. எல்லா பாட்டிலும் பீச்சினா சீக்கிரம் அடைச்சது, சர்க்கரை அளவுத் தப்பு, இல்ல வாளியிலயே கிருமி, ரெண்டு மூணு மட்டும்னா அந்த பாட்டில்கள் சரியா கழுவல.

ஒண்ணு வெடிச்சா மிச்சமும் அதே நிலைமைல இருக்குன்னு எடுத்துக்கோங்க. கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கை சட்டை, தடியான கையுறை போட்டுக்கிட்டு, பெட்டி மேல கனமான துண்டு போத்தி, அசைக்காம ஃப்ரிட்ஜுக்கு மாத்துங்க, குளிர்ந்தா அழுத்தம் இறங்கும். மறுநாள் ஒவ்வொண்ணா சிங்க்ல வச்சு, துண்டால மூடி, ஓப்பனரை லேசா நெம்பி உஸ்ஸுன்னு கேஸ் மட்டும் போக விட்டு, திரும்ப புது மூடி அடைச்சு ஃப்ரிட்ஜ்லயே வச்சு சீக்கிரம் குடிச்சிடுங்க. பசங்க இருக்கிற வீடுன்னா அந்த வேலையும் வேண்டாம், குளிர வச்சு எல்லாத்தையும் திறந்து ஊத்திடுங்க, இத மட்டும் நானே கொட்டச் சொல்றேன்.

“எல்லாம் சரியாதான் வந்துச்சு, ஆனா தண்ணி மாதிரி இருக்கு”

அந்த ஒரு கிலோ சர்க்கரை. வெள்ளை சர்க்கரைய ஈஸ்ட் மிச்சமில்லாம தின்னு ஆல்கஹாலாக்கிடும், நாக்குல நிக்கறதுக்கு ஒண்ணும் விடாது. அடுத்த தடவை அதுல பாதிக்கு மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பவுடர் போட்டு, தண்ணிய 23க்கு பதிலா 20 லிட்டரோட நிறுத்துங்க. டின் மேல தேதியும் பாத்து வாங்குங்க, பழைய டின்னுல ஒரு கருகின வெல்லப்பாகு ருசி வரும், அத எந்த ஈஸ்ட்டும் மறைக்காது.